பாட்டு இல்லாத இடம்

ஏரிக்கரைப் பள்ளிக்கும் மெயின்ரோட்டுப் பள்ளிக்கும் ஆகவே ஆகாது. ஏன் என்று கேட்டால் இரண்டு பக்கத்திலும் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் பிள்ளைகள் இந்தப் பகையோடுதான் பிறக்கிறார்கள் போலிருக்கிறது. கபடியில் மூக்குடைத்துக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு பேனர் வைத்து மல்லுக்கட்டினார்கள். எல்லாம் சலித்துப்போய் இந்த வருஷம் வாயசைப்பில் வந்து நின்றார்கள்.

ஆரம்பித்து வைத்தது மெயின்ரோட்டுப் பள்ளிதான். பெரிய ஸ்பீக்கரில் ஒரு பாட்டைப் போட்டுவிட வேண்டியது. ஒருவர் போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு கேட்டில் தொடங்கி வகுப்பு வகுப்பாக நடப்பார். போன் முன்னால் வரும்போது அந்தந்தப் பிள்ளைகள் தாங்களே பாடுவதுபோல வாயசைக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, வெட்டி ஒட்டக் கூடாது. அவர்கள் ஒரு சினிமாப் பாட்டுக்கு இப்படி எடுத்து நெட்டில் போட, கடலூர் வரைக்கும் பார்த்தார்கள். ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அவங்க எரவல் பாட்டுக்கு வாயசைச்சாங்க, நாம சொந்தப் பாட்டு போடுவோம்" என்றார் கம்ப்யூட்டர் வாத்தியார் அரிகரன். தமிழய்யா ஏரியைப் பற்றிப் பாட்டு எழுதினார். பதினொன்றாவது படிக்கும் அர்ச்சனா, கம்ப்யூட்டர் அறையின் கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பாடிக் கொடுத்தாள்.

அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. அர்ச்சனாவின் அப்பா அரங்கநாதன் குருவிநத்தத்தில் ஆற்றோரம் கரும்பு வைத்திருப்பவர். "கொரலு போவட்டும். மொகம் போவக்கூடாது. நாளைக்கி ஒரு எடத்துல பொண்ணு குடுக்கணும்" என்று சொல்லிவிட்டார். முகத்தை மறைத்துக் குரலை மட்டும் ஊருக்குக் கொடுக்கலாம் என்று அவருக்கு எந்தச் சட்டம் சொன்னதோ தெரியவில்லை. வேறொரு முகம் வேண்டியிருந்தது. அர்ச்சனாவே ஆள் காட்டினாள். தன் பக்கத்தில் உட்காரும் மதலேன்.

மதலேன் பேசமாட்டாள்.

பிறவியில் அப்படி இல்லை. ஒன்பதாவது படிக்கும்வரை வாய் ஓயாத பெண். தெருக்கோடியில் வரும்போதே அவள் சத்தம் வீட்டுக்கு வந்துவிடும். அப்பா மாரிமுத்து கொத்தனார் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், வண்டியில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவருக்குப் போன் போட்டு, "வரும்போது பரோட்டா வாங்கியாப்பா" என்றாள். அவருக்கு ஒரு கையில் போன், ஒரு கையில் வண்டி. முன்னால் கரும்பு டிராக்டர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் நின்றிருந்தது.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் கலைந்துபோனார்கள். சுவரில் சாய்ந்து கிடந்த அம்மா ரோஸ்லின் திடீரென்று மகளைப் பார்த்து, "நீ போனு பண்ணாம இருந்திருந்தா எம்புருசன் வூடு வந்து சேந்திருப்பான்டி" என்றாள். வயிறு எரிந்தவள் வாயில் வந்த வார்த்தை. அன்றைக்கு மூடிய வாயை மதலேன் திறக்கவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை, தானாக வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ரோஸ்லின் மகளின் கையைப் பிடித்து அழுதும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். மதலேனுக்குக் கோபம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. தலையாட்டுவாள், அம்மாவின் கண்ணைத் துடைத்துவிடுவாள், பேச்சு மட்டும் வராது. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாமல் ஒரு மனுஷி இரண்டு வருஷம் தவித்ததை எங்கள் தெருவே பார்த்தது.

பள்ளிக்கூடத்தில் அர்ச்சனாவிடம் மட்டும் மதலேன் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் பேசுவாள். அர்ச்சனாவுக்கு அது புரியும். அதனால்தான் வாத்தியாரிடம், "சார், இவ வாயசைச்சா நெஜமாவே பாடுற மாரி இருக்கும்" என்று சொன்னாள். இந்தச் சங்கதி ரோஸ்லினுக்குத் தெரியாது. வீட்டில் மதலேன் உதட்டைக்கூட அசைப்பதில்லை.

ரோஸ்லினுக்குச் சேதராப்பட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் வேலை. எப்போதும் மதிய ஷிப்டுதான். கம்பெனி வேன் பாகூருக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். திரும்பி வருவதற்குள் மதலேன் தூங்கியிருப்பாள். தலைக்கு வலைக்குல்லா, கைக்கு உறை, வாய்க்குத் துணி. பெல்ட்டில் மாத்திரை அட்டைகள் ஓடிக்கொண்டே இருக்கும். மாத்திரை விழாமல் குழி காலியாக வரும் அட்டையைப் பார்த்ததும் கை எடுத்துப் போட வேண்டும். உட்காரக் கூடாது, பேசக் கூடாது. கண்ணை மூடினால் உள்ளேயும் அட்டை ஓடுகிறது என்பாள். போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும். சாயங்காலச் சாப்பாட்டு பெல்லுக்குத்தான் எடுக்கலாம்.

பெல் அடித்ததும் கேண்டீனுக்குப் போகிற வழியிலேயே வீட்டுக்குப் போடுவாள். வீட்டில் இருப்பது மாரிமுத்துவின் போன். கண்ணாடி கீறிப்போனது, மாற்ற மனசு வரவில்லை.

"சாப்ட்டியாடி?"

மதலேன் போனை நகத்தால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஆச்சு. இரண்டு தட்டு என்றால் இன்னும் இல்லை.

"வேலம்மா அக்கா கொழம்பு குடுத்துச்சா?"

டொக்.

"கதவ தாப்பா போட்டுகினியா?"

டொக்.

"செரி, வெச்சிர்றன்."

அதற்குப் பிறகு டிபன் பாக்சைத் திறப்பாள். கிளறுவாள், ஓரமாக ஒதுக்குவாள், பாதிக்கு மேல் அப்படியே மூடிவிடுவாள். எதிரில் உட்காரும் கரையாம்புத்தூர் புவனேஸ்வரி தினமும் சண்டை பிடிப்பாள். "இன்னாக்கா, சோறு துன்றியா, கோலம் போட்றியா?" மறுநாள் காலையில் அந்த டப்பாவைக் கழுவுவது மதலேன். மிச்சச் சோற்றைக் கோழிக்குக் கொட்டிவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்ப்பாள். "நேத்து பசிக்கலடி" என்று ரோஸ்லின் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கார்த்திகை மழை விட்டு, ஏரி தளும்பி நின்ற வாரத்தில் வீடியோ வெளிவந்தது. பள்ளியில் என்னவோ பாட்டு எடுக்கிறார்கள் என்ற அளவுக்குத்தான் ரோஸ்லினுக்குத் தெரியும். சாப்பாட்டு பெல் அடித்து லாக்கர் பக்கம் போனவளைப் புவனேஸ்வரி கையைப் பிடித்து இழுத்தாள்.

"யக்கா, இங்க வா. உங்க ஏரிக்கரப் பள்ளிக்கூடத்து பாட்டு. எம்புள்ள பொறாமையில பொசுங்கிகினு கீறான்." அவள் மகன் புகழ்வேந்தன் மெயின்ரோட்டுப் பள்ளி.

கேட், சைக்கிள் ஸ்டாண்டு, சத்துணவுக் கூடம் என்று போன் நடந்து நடந்து ஏரிக்கரை மேல் ஏறியது. தண்ணீர், பனைமரம், மேகம். அங்கே ரெட்டை ஜடையும் யூனிஃபார்முமாக மதலேன் நின்றாள். குரல் உச்சிக்கு ஏறுகிற இடம் அவளுக்கு. கழுத்து நரம்பு புடைக்க, கண் கலங்க, வாய் திறந்தாள்.

ரோஸ்லின் கையிலிருந்த லாக்கர் சாவி கீழே விழுந்தது.

"புவனா, எம்பொண்ணு. எம்பொண்ணு பாடுது."

"உம்பொண்ணு பேசாதுன்னியேக்கா?"

"அதான் சொல்றன். பாடுது பாரு. தொண்ட அசையிது பாரு."

"இன்னா படத்துப் பாட்டு இது? கேட்டா மாரியே இல்லியே."

"படமில்ல. அவுங்க அய்யா எழுதுனதுன்னு கீழ போட்டுகீது, படி."

சினிமாப் பாட்டாக இருந்திருந்தால் ரோஸ்லினும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இது எங்கும் கேட்டிராத பாட்டு. குரலும் தெரியாத குரல். வாய் மகளுடையது. இரண்டு வருஷத்தில் மகளின் குரல் எப்படி மாறியிருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பெரியவளான பெண்ணுக்கு இப்படித்தான் கனத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள். பெஞ்சில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப எங்கிட்டதான் பேசல."

"இன்னாக்கா?"

"பள்ளிக்கூடத்துல பாடுது. ஊரு ஒலகத்துக்கே பாடுது. பெத்தவகிட்டதான் வாயத் தொறக்கல. நான் சொன்ன சொல்லு அப்பிடி, புவனா."

"வுடுக்கா. இன்னிக்கி பாட்னது நாளைக்கி பேசாதா? வூட்டுக்கு போயி கேளு."

"கேக்க மாட்டன். கேட்டன்னா மறுபடியும் மூடிக்கும். மாதாகிட்ட வேண்டிகினு கீறன். அத மொதல்ல முடிக்கணும்."

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போன் போடவில்லை. போட்டால் வாய் தவறிக் கேட்டுவிடுவோமோ என்று பயம். வீடியோ வந்த நாள் அது. மதலேன் போனை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று பக்கத்து வீட்டு வேலம்மாள் பிற்பாடு சொன்னாள்.

மறுநாள் மகள் பள்ளிக்குப் போனதும் ரோஸ்லின் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, செருப்பில்லாமல் வில்லியனூருக்கு நடந்தாள். மகள் வாய் திறந்தால் நடந்தே வந்து முடி இறக்குகிறேன் என்று வேண்டுதல். இடுப்பைத் தாண்டிய முடி அவளுக்கு. மாரிமுத்து இருந்தவரை சனிக்கிழமைச் சம்பளத்தில் கனகாம்பரம் வாங்காமல் வந்ததில்லை. ரோட்டோரம் சேறும் சல்லியுமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் நடவு வயல் தண்ணீரில் மூழ்கி, நாற்றின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. வெயிலும் தூறலும் மாறி மாறி வந்தன. மாதா கோவிலில் முடியைக் கொடுத்துவிட்டு, குளத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலில் நின்றாள். "ஊருக்குப் பாட வெச்சிட்ட தாயே. எனக்கு ஒரு வார்த்த போதும். திட்டுனாலும் செரி" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து நாளாகிவிட்டது.

பஸ்ஸில் திரும்பித் தெருவுக்குள் நுழைந்தபோது, தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வேலம்மாள் குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அய்யோ ரோஸ்லினு, இன்னாடி இது மொட்ட?"

"வேண்டுதலக்கா. எம்பொண்ணு பாடுனத நீ பாக்கலியா?"

வேலம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "வூட்டுக்கு வா. அந்த அரங்கநாதன் பொண்ணு வந்து குந்திகினு கீது" என்று மட்டும் சொன்னாள்.

நடந்தது இதுதான். முதல் நாள் ஷிப்டு முடிந்து போன புவனேஸ்வரி, "அந்தப் பேசாத பொண்ணு பாடுதுடா" என்று மகனிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிறாள். புகழ்வேந்தனும் அவன் கூட்டாளிகளும் வீடியோவைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார்கள். ஏரிக்கரையில் நாலு வரி முடிந்ததும் வெறும் மியூசிக் வருகிறது, பாட்டு இல்லை. அந்த இடத்திலும் மதலேனின் வாய் அசைகிறது. சிக்கியது போதாதா? அந்தத் துண்டை மட்டும் வெட்டி, ஸ்லோவாக ஓடவிட்டு, பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்து, 'பாட்டே இல்லாத இடத்தில் பாடும் ஊமைக்குயில்' என்று போட்டுவிட்டார்கள். விடிவதற்குள் எல்லார் போனிலும் அது இருந்தது. மெயின்ரோட்டுப் பள்ளி ஜெயித்துவிட்டது.

வீட்டுக்குள் அர்ச்சனா தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. மதலேன் உள்கதவோரம் சுவரைப் பார்த்து நின்றாள். ரோஸ்லின் மொட்டைத் தலையோடு வாசல்படி ஏறியதும் இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"ஆன்ட்டி" என்று அர்ச்சனா எழுந்தாள். "நான்தான் ஆன்ட்டி பாடுனன். எங்கப்பா என் மொகம் வரக்கூடாதுன்னாரு. அதான் இவ வாயசைச்சா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சன் ஆன்ட்டி."

ரோஸ்லின் மகளைக் காட்டிக் கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல பேசுதா இவ?"

"இல்ல ஆன்ட்டி. வாய மட்டும் அசைப்பா."

"சத்தம்?"

"வராது."

"ஒரு தடவகூட?"

அர்ச்சனா இல்லை என்று தலையாட்டினாள். "அந்த மியூசிக் வர்ற எடத்துல மட்டும் ஏதோ வாயசைப்பா. ரிகர்சல்லயே சார் திட்னாரு, அங்க வரி இல்ல, வாய மூடுன்னு. சரின்னு தலையாட்டுவா. திரும்பவும் அசைப்பா. கடைசியில எடுக்கும்போதும் அசைச்சிட்டா. ஒரே ஓட்டமா எடுத்தது, வெட்ட முடியல. இன்னாடி அதுன்னு கேட்டன், சொல்லல."

ரோஸ்லின் தலையைத் தடவிக்கொண்டாள். கைக்கு வழுவழுவென்று ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் கேட்டாள், "எங்க, அந்த ஏரிக்கர எடத்த கொஞ்சம் பாடு கண்ணு."

"ஆன்ட்டி..."

"பாடும்மா. கேக்கறன்."

அர்ச்சனா சுவரோரம் நின்றுகொண்டு, விக்கி விக்கிப் பாடினாள். அதே குரல்தான். உச்சிக்கு ஏறும்போது உடைந்துவிட்டது. ரோஸ்லின் கடைசிவரை கேட்டாள். "நல்லா பாடுற கண்ணு. பொழுதாவுது, உங்கப்பா தேடுவாரு, போ" என்றாள். அவள் போன பிறகு அப்படியே தரையில் படுத்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். குரல் கிடைத்து ஒரு பொழுதுகூட ஆகவில்லை, அதுவும் இன்னொருத்தர் வீட்டுப் பெண்ணுக்குப் போய்விட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம்தான். மதலேன் சந்தனம் இழைத்து வந்து அம்மாவின் தலையில் பூசினாள். கத்தி கீறிய இடத்தில் விரல் படாமல் சுற்றிச் சுற்றிப் பூசினாள். ரோஸ்லின் குனிந்து காட்டிக்கொண்டிருந்தாள். மகளின் கண்ணீர் உச்சந்தலையில் விழுந்தது தெரிந்தது. முடி இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். மொட்டைக்கும் குல்லா போட வேண்டும், அதுதான் ரூல் என்றார் சூப்பர்வைசர். போட்டுக்கொண்டாள். புவனேஸ்வரி லைனில் நிற்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு பெல் அடித்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, எம்புள்ள பண்ண வேல. நான்தான் போயி சொன்னன். தொடப்பத்தால ரெண்டு போட்டன். அழிச்சிட்டான், ஆனா ஊரெல்லாம் போயிடிச்சாம்."

"நீ இன்னா பண்ணுவ. வுடு."

ரோஸ்லின் வீட்டுக்குப் போட்டாள்.

"சாப்ட்டியாடி?"

டொக்.

"செரி."

டிபன் பாக்சைத் திறந்தாள். கருவாடும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. காலையில் மதலேனே கட்டிக் கொடுத்தது. ஒரு வாய் எடுத்துப் பிசைந்து, வைத்துவிட்டாள்.

"புவனா, அந்தத் துண்டு உங்கிட்ட கீதா?"

"எதுக்குக்கா அந்த எழவு?"

"காட்டு. சத்தத்த நிறுத்திட்டு காட்டு. அந்தச் சிரிப்ப என்னால கேக்க முடியாது."

சத்தமில்லாமல் ஓடியது. ஏரித்தண்ணீர் நகராததுபோல மெதுவாக நகர்ந்தது. ஜடை மெதுவாக ஆடியது. மதலேன் பாடுகிற முகத்தை விட்டுவிட்டு, நேராக, போனைப் பார்த்தாள். வாய் அசைந்தது. துண்டு முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது.

ஊரே சிரித்த இடத்தை ரோஸ்லின் குனிந்து பார்த்தாள். வாய் அகலத் திறக்கிறது. உதடு ஒட்டிப் பிரிகிறது. மறுபடி ஒட்டி, கொஞ்சம் நின்று, திறக்கிறது. பல் தெரிய நீள்கிறது. திறந்து, இன்னொரு தடவை ஒட்டிப் பிரிகிறது. ரோஸ்லினின் வாய் அவளை அறியாமல் கூடவே அசைய ஆரம்பித்தது. மகள் திறந்தபோது திறந்து, மூடியபோது மூடி, வெறும் வாயாக அசைத்தாள். தினமும் இதே நேரத்தில் இதே இடத்தில் அவள் வாய் அசைகிற மாதிரிதான் இருந்தது. மறுபடி ஓடியபோது அவள் வாயிலிருந்து சத்தம் தானாக வந்தது.

"சாப்ட்டம்மா. நீ சாப்ட்டியா?"

"இன்னாக்கா?" என்றாள் புவனேஸ்வரி.

ரோஸ்லின் தன் போனை எடுத்தாள். வீட்டு நம்பரை மறுபடி அழுத்தினாள். உடனே எடுக்கப்பட்டது.

"மதலு. நான் இன்னும் சாப்டலடி. ஒரு நாளும் சாப்டல. இப்ப துன்றன், வெக்காத. கூடவே இரு."

போனை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். ஆறிப்போன சோறு. தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினாள். கண்ணிலும் மூக்கிலும் வடிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் வழித்துச் சாப்பிட்டாள். போனிலிருந்து மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்து பெல் அடித்தது. ரோஸ்லின் போனைக் காதில் வைத்தாள். ஆச்சுடி என்று சொல்ல வாய் எடுத்தாள், குரல் வரவில்லை. மறுபடி முயன்றாள், வரவில்லை.

போனை நகத்தால் ஒரு தடவை தட்டினாள்.